ஒரு தலைப்பு, இரு மதிப்பீட்டாளர்: மதிப்பெண் நம்பகத்தன்மை குறித்த ஒரு திறனாய்வு

தமிழ்க் கட்டுரைகளைத் திருத்துங்கால், இரண்டு ஆசிரியர்கள் வழங்கிய மதிப்பெண்கள் ஒத்திருப்பின் அம்மதிப்பீடு நம்பகமானது எனக் கொள்வது நம்மிடையே நிலவும் வழக்கமாகும். இவ்வழக்கம் போதுமானதன்று என்பதே இங்கு நாம் முன்வைக்கும் கருத்தாகும்.

‘தண்ணீர்மலையில் தைப்பூசம்’ என்னும் தலைப்பு மாணவர்க்குத் தரப்படுவதாகக் கொள்வோம். பினாங்குத் தீவில் வளர்ந்த மாணவி வெள்ளி இரதத்தையும் வீதியில் உடைபடும் தேங்காய்களையும் காவடிகளையும் நேரிற் கண்டவள். பகாங்கின் தோட்டப்பள்ளி மாணவன் அவற்றைப் படத்தில் மட்டுமே கண்டிருக்கக்கூடும். ‘செம்பனைத் தோட்டத்தில் ஒரு நாள்’ என்பது தலைப்பாயின் இருவர் நிலையும் மாறிவிடும். இரு தலைப்புகளிலும் மதிப்பீட்டாளர் தமக்குள் முழுமையாக உடன்படலாம். எனினும் மாணவரின் தரவரிசை தலைகீழாகிவிடும். ஆகவே, மாறுபாட்டின் ஊற்றுக்கண் மதிப்பீட்டாளர் மட்டுமல்லர், தலைப்பும் ஆகும்.

மதிப்பீட்டாளர் வேறுபாடு நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1912இல் ஸ்டார்ச், எலியட் ஆகிய இருவரும் அமெரிக்க ஆசிரியர்களிடம் ஒரே ஆங்கில விடைத்தாளைத் திருத்தச் செய்தபோது, மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை விரிந்தன. ஒட்டுறவுக் கெழுவும் இத்தகைய வேறுபாட்டை மறைக்கவல்லது. ஓர் ஆசிரியர் மூன்று கட்டுரைகளுக்கு 30, 24, 18 எனவும், மற்றவர் 24, 18, 12 எனவும் வழங்கினால் ஒட்டுறவு 1 ஆகும். ஆனால் தேர்ச்சி எல்லை 20 எனின், முதல்வரிடம் இருவர் தேறுவர். மற்றவரிடம் ஒருவரே தேறுவார்.

குரோன்பாக், கிளேசர், நந்தா, இராசரத்தினம் ஆகியோர் 1972இல் நூலாக வெளியிட்ட பொதுமையாக்கக் கோட்பாடு இச்சிக்கலுக்கு வழிகாட்டுகிறது. பிழையை ஒன்றெனக் கருதாது மதிப்பீட்டாளர், தலைப்பு, வேளை எனவும், இவை மாணவரோடு கொள்ளும் இடைவினை எனவும் அது பகுத்து அளக்கிறது. அதன் பயன் நடைமுறை சார்ந்தது. மதிப்பீட்டாளரை இரட்டிப்பாக்கினால் அவரால் நேரும் பிழையின் மாறுபாடு பாதியாகும். தலைப்பால் நேரும் பிழையோ சிறிதும் குறையாது.

ஆயினும் இக்கோட்பாட்டிற்கு எல்லையுண்டு. ஒரு வகுப்பை ஓர் ஆசிரியரே மதிப்பிடும்போது, அவரது கடுமையையும் மாணவர் திறனையும் எக்கணக்காலும் பிரித்தறிய இயலாது. 1988 முதல் நடைபெற்ற யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின், தொடக்கப்பள்ளியில் வகுப்பறை மதிப்பீடே முதன்மை பெற்றுள்ளது. எனவே இக்குறை முன்னினும் கூர்மையடைந்துள்ளது எனலாம். மேலும், சந்திப்பிழையை மட்டுமே எண்ணும் இருவர் முற்றும் உடன்படலாம்; அவ்வுடன்பாடு கருத்துவளத்தை அளந்ததாகாது. நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு.

ஒவ்வொரு மாணவரும் இரண்டு மூன்று தலைப்புகளில் எழுதவும், பெயர் மறைத்த கட்டுரைகளுட் சிலவற்றை அண்டைப் பள்ளிகள் மாற்றித் திருத்தவும் வழிசெய்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு தலைப்பில் தடுமாறிய மாணவனைத் தமிழில் தடுமாறியவன் எனத் தீர்ப்பிடாதிருக்க இஃது உதவும் என நாம் கருதுகிறோம்.