வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

மருத்துவக் கல்லூரிகளில் இப்போது ஒரு புது மோகம்: ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று பேராசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்துவது. இரண்டு நாள், மதியம் பிரியாணி, கடைசியில் சான்றிதழ். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) எதற்குப் பணம் தருகிறது, உயிரித் தொழில்நுட்பத் துறை எதற்குத் தருகிறது, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்த பிறகு என்ன மாறியிருக்கிறது, பட்ஜெட்டில் எதை எழுதினால் வெட்டுவார்கள் என்று எல்லாமே சொல்லித் தருகிறார்கள். நிதி கிடைத்துவிட்டால் கல்லூரி வாசலில் பிளக்ஸ் எழும். அதில் ஆய்வின் கேள்வி என்னவென்று ஒரு வரிகூட இருக்காது. தொகை மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். என்ஐஆர்எஃப் தரவரிசையும் வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சிப் பணத்தை மதிப்பெண்ணாக எண்ணுவதால் டீன்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தப் பயிலரங்குகளை ஆதரிப்பவர்கள் தவறாமல் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துப் போடுவார்கள். டெல்லியின் அறுவைச் சிகிச்சை நிபுணர் சமீரன் நந்தியும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்டது. 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்களை அவர்கள் கணக்கெடுத்தபோது, 332 நிறுவனங்கள் ஒரு கட்டுரைகூட வெளியிட்டிருக்கவில்லை. வெறும் 25 நிறுவனங்களிலிருந்து மொத்தக் கட்டுரைகளில் நாற்பது சதவீதம் வந்திருந்தது. இதைக் காட்டிவிட்டு, "நம் ஆட்களுக்குப் பணம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, தெரிந்தால் ஆராய்ச்சி தானாக நடக்கும்" என்று முடிப்பார்கள்.

பணம் வேண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில் யாரும் பணம் அதிகம் என்று சொல்ல முடியாது. பயிலரங்குக்குப் போய்வந்த உதவிப் பேராசிரியர் ஒருவர் மாதிரி அளவை ஒழுங்காகக் கணக்கிட்டு விண்ணப்பித்தால் அது லாபம்தான். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆராய்ச்சிப் பயிற்சியும் நல்ல காரியம். இதற்கு மேல் பாராட்ட எனக்கு எதுவும் தெரியவில்லை.

என் ஆட்சேபம் பழையது. நம் கல்லூரிகளில் அரிதாக இருப்பது பணமென்று முடிவுகட்டிவிட்டு எல்லோரும் பணத்தைத் தேடுகிறார்கள். அரிதாக இருப்பது நேரம். அரசுக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவ இணைப் பேராசிரியரின் வாரத்தைப் பார்த்தால் போதும். யூனிட்டின் ஓபி நாளில் மதியம் வரை தலை நிமிர முடியாது. அட்மிஷன் நாளன்று இரவும் போய்விடும். மற்ற நாட்களில் காலை ரவுண்ட்ஸ், அதன் பிறகு இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு. 2019-இல் திறன்சார் பாடத்திட்டம் வந்த பிறகு ஒவ்வொரு மாணவனின் லாக் புக்கிலும் ஒவ்வொரு திறனுக்கும் கையெழுத்துப் போட வேண்டும். பிஜி மாணவர்களின் தீசிஸைத் திருத்த வேண்டும், காப்பீட்டுத் திட்டக் கோப்புகளைப் பார்க்க வேண்டும், தேசிய மருத்துவ ஆணையம் கேட்கும் விவரங்களை ஏற்ற வேண்டும். பயோமெட்ரிக் வருகைப்பதிவு வேறு. நோயாளிகளைப் பின்தொடர ஒரு கிராமத்துக்குப் போன நாளை அந்த இயந்திரத்துக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்படிப்பட்டவருக்கு ஐசிஎம்ஆர் ஒரு கோடி ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தில் கருவி வாங்கலாம், ரசாயனம் வாங்கலாம், ஒப்பந்தத்தில் ஆய்வு உதவியாளரை எடுக்கலாம், பயணப்படி போடலாம். அவருடைய வாரத்திலிருந்து ஒரே ஒரு ஓபி நாளை மட்டும் விடுவிக்க முடியாது. அவர் சம்பளம் அரசுக் கணக்கில் வருகிறது. அவருக்குப் பதிலாக அந்த ஓபியில் உட்கார இன்னொரு மருத்துவரை நியமிக்கும் ஏற்பாடு நிதியிலும் இல்லை, கல்லூரியிலும் இல்லை. அடுப்பில்லாத வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பும் கதைதான்.

வந்த பணமும் சும்மா வருவதில்லை, நேரத்தைத் தின்றுகொண்டே வருகிறது. கொள்முதல் என்றால் அரசின் ஜெம் தளம். பணம் பூஜ்ய இருப்புக் கணக்கில் வந்தால் மார்ச் 31-க்குள் செலவழிக்காதது திரும்பிப் போகும். நிதி கைக்கு வருவதோ பல நேரங்களில் ஆண்டின் பிற்பகுதியில். செலவுப் பட்டியலும் ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் போகாவிட்டால் அடுத்த தவணை கிடையாது. சான்றிதழில் கணக்கு அலுவலர் கையெழுத்து வேண்டும். கல்லூரியின் கணக்குப் பிரிவுக்கு இது பத்தோடு பதினொன்றாக வரும் வேலை. கையில் உறையோடு அந்த மேஜை முன்னால் நிற்பது யார்? நெஞ்சுவலி நோயாளியை வார்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் அதே இணைப் பேராசிரியர். பெரிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலைக்கென்று தனி அலுவலகமே உண்டு. நிதியோடு சேர்ந்து வரும் நிர்வாகச் செலவுத் தொகை அதைத் தாங்குகிறது. இங்கே அந்தத் தொகையில் ஒரு கிளார்க்கைக்கூட நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது.

மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆய்வுப் பிரிவுகளை அமைக்கும் திட்டத்தை மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் கொண்டுவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி உட்படப் பல இடங்களில் அந்தப் பிரிவுகள் அமைந்தன. கருவிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம், அவற்றை இயக்க ஒப்பந்த விஞ்ஞானி, டெக்னீஷியன் என்று எல்லாமே அதில் உண்டு. எந்தக் கேள்விக்காக அந்தக் கருவியை இயக்குவது என்று சொல்ல வேண்டிய மருத்துவருக்கு மட்டும் திட்டத்தில் இடமில்லை. அவர் தன் வேலை நேரம் முடிந்த பிறகு வந்து ஆராய்ச்சி செய்வார் என்பது எழுதப்படாத நிபந்தனை. வருவார்தான், இரண்டு வருடம் வருவார். பிறகு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஞாபகம் வந்து, மாலை நேரம் கிளினிக்குக்குப் போய்விடும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை.

இடமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. புதிய கல்லூரி என்றால் பழைய கல்லூரியிலிருந்து ஆள் போக வேண்டும். ஆராய்ச்சி நிதி பழைய கல்லூரியின் பெயரில், ஆசிரியரின் பெயர் முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில். ஆள் ஒரு ஊரிலும் குளிர்பெட்டியில் ரத்த மாதிரிகள் இன்னொரு ஊரிலுமாக மூன்று வருடத் திட்டம் முடிகிறது. இதற்கு எந்தப் பயிலரங்கில் வழி சொல்கிறார்கள்?

வேலூர் சிஎம்சி எப்படிச் செய்கிறது என்று உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் பதில் கேட்டவர்களுக்கு ஆதரவாக இருக்காது. ரோட்டாவைரஸ் ஆய்வுகள் வளர்ந்த அங்குள்ள வெல்கம் ஆய்வகத்தில் ஆராய்ச்சியை முழுநேர வேலையாகக் கொண்டவர்கள் பல பத்தாண்டுகளாக இருந்து வந்திருக்கிறார்கள். இளம் ஆசிரியர்களுக்குச் சிறிய தொகையைக் கல்லூரியே தருகிறது. வெளிப்பணம் வந்து சேர்வதற்கு முன்பே வேலை செய்ய ஆளும் நேரமும் இருந்தன. பணம் அவற்றைத் தேடி வந்தது.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் இன்னும் தெளிவான சான்று. ஐசிஎம்ஆர், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தது. சானடோரியத்தில் எல்லோருக்கும் படுக்கை கொடுக்க முடியாத ஊரில், வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா என்பது கேள்வி. 193 நோயாளிகள் வீட்டுக்கும் சானடோரியத்துக்குமாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். மாத்திரை விழுங்குகிறார்களா என்று பார்க்க ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் தொற்றுகிறதா என்று குடும்பங்களையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகெங்கும் சானடோரியங்களைக் காலியாக்கியது. ஆய்வை நடத்திய வாலஸ் ஃபாக்ஸும் அவர் குழுவும் இதற்காகவே சென்னையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை இரண்டு யூனிட் ஓபிக்கும் மூன்றாமாண்டு வகுப்புக்கும் அனுப்பியிருந்தால், எத்தனை லட்சம் கொடுத்திருந்தாலும், அந்த மாத்திரைகளை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பணமே இல்லாத எதிர்முனையிலும் இதே பாடம்தான் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் செந்தேள் கடித்தவர்களின் பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டிருந்தார். பிரசோசின் என்ற மருந்தைக் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்ற அவருடைய கண்டுபிடிப்பு 1986-இல் லான்செட்டில் வந்தது. பெரிய நிதி எதுவும் பின்னால் இல்லை. இதை வைத்து நிதியே வேண்டாம் என்று பேசுபவர்கள் உண்டு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். ஆனால் அவர் செலவழித்தது எது என்பது தெளிவு.

அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) தரும் கே வகை நல்கைகள் பலவற்றில் இளம் மருத்துவர் தன் வேலை நேரத்தில் குறைந்தது 75 சதவீதத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாகப் பல்கலைக்கழகம் உறுதியளிக்க வேண்டும். சம்பளத்தின் ஒரு பகுதியும் அதிலிருந்தே போகும். அந்த முறையின் வினை வேறு: சம்பளமே நிதியில் தொங்கும். 2025-இல் நடந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான நல்கைகளை என்ஐஎச் பாதியில் ரத்து செய்தபோது ஆராய்ச்சியோடு வேலைகளும் ஆட்டம் கண்டன. அதை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. நேரத்துக்கு விலை உண்டு என்ற ஒரு எண்ணத்தையாவது அவர்களிடமிருந்து வாங்கலாம்.

நம் விண்ணப்பப் படிவங்களிலும் அந்த எண்ணம் ஓர் ஓரத்தில் இருக்கிறது. முதன்மை ஆய்வாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இந்தத் திட்டத்துக்குச் செலவிடுவார் என்று கேட்கும் கட்டம் பல படிவங்களில் உண்டு. பத்து என்று எழுதுவார்கள், பதினைந்து என்று எழுதுவார்கள். அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்த எண்ணை டூட்டி ரோஸ்டரோடு யாரும் ஒப்பிடுவதில்லை. வசதிகள் செய்து தருவேன் என்று டீன் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒப்புதல் கடிதத்தோடு, திட்டம் நடக்கும் மூன்று வருடங்களுக்கான ரோஸ்டரையும் இணைக்க வேண்டும் என்று ஐசிஎம்ஆர் ஒரே ஒரு நிபந்தனை போட்டுப் பார்க்கட்டும். எந்த ஓபி நாள் விடப்படுகிறது, அன்று அங்கே யார் உட்காருவார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதித் தர முடியாத கல்லூரிக்குப் பணம் போக வேண்டியதில்லை.