எந்த 'பில்லா'?

ஒரு சின்னப் பரீட்சை. 'பில்லா' படத்துக்கு இசை யார்? 'எம்.எஸ்.வி.' என்றால் நீங்கள் 1980 ஆள். 'யுவன் ஷங்கர் ராஜா' என்றால் 2007. 'எந்த பில்லாவைக் கேட்கிறீங்க?' என்று திருப்பிக் கேட்டால், சினிமா கேட்டலாக் வேலைக்கு உங்களை உடனே சேர்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டருக்கு அந்தக் கேள்வி தானாக வராது.

டி.வி. சேனல், ஓ.டி.டி., பாட்டு கம்பெனி என்று எல்லோரிடமும் ஒரு மாஸ்டர் லிஸ்ட் உண்டு. படத்துக்கு ஒரு நம்பர். வெளியிலிருந்து புதுப் பட்டியல் வந்தால், அதிலுள்ள படம் ஏற்கெனவே நம்மிடம் இருப்பதா, புதுசா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். கேட்டால் குமாஸ்தா வேலை போலத்தான் தோன்றும். தமிழ்ப் படங்களை வைத்துச் செய்து பாருங்கள், தலை சுற்றும்.

'16 வயதினிலே' (1977) ஒரு பட்டியலில் எண்ணில் இருக்கும். இன்னொன்றில் 'பதினாறு' என்று எழுத்தில். 'மௌன ராகம்' (1986) இன்னும் வேடிக்கை. 'மௌ'வை ஒரே எழுத்தாகவும் அடிக்கலாம். 'மெ' போட்டுப் பக்கத்தில் 'ள' சேர்த்தும் அடிக்கலாம். நம் கண்ணுக்கு ரெண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு படம். 2006ல் தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்றதும், 'ஜில்லுனு ஒரு காதல்' 'சில்லுனு' ஆயிற்று. 'எம்டன் மகன்' வெறும் 'எம் மகன்' ஆனான்.

'சரி, ஓரெழுத்து வித்தியாசத்தை மன்னிச்சுடு' என்று ப்ரோக்ராம் எழுதினால் 'ரோஜா'வும் (1992) 'ராஜா'வும் (1972) ஒன்றாகிவிடும். மணிரத்னம் படத்தில் சிவாஜி கணேசன்! கதைச் சுருக்கத்தை ஒப்பிடலாமே என்பீர்கள். 'பில்லா' ரெண்டுக்கும் கதையும் ஒன்றுதான். வருஷம்? டிசம்பரில் சென்சார், பொங்கலுக்கு ரிலீஸ் என்றால் அதுவும் ஒன்று முன்னே பின்னே இருக்கும்.

இதில் ரெண்டு விதத் தப்பு நடக்கலாம். ஒரே படம் ரெண்டு தடவை பதிவாவது ஒன்று. அசிங்கம்தான், ஆனால் கண்ணில் படும், திருத்தலாம். ரெண்டு படம் ஒன்றாகிவிடுவது மற்றது. முக்தா சீனிவாசனின் 'பொல்லாதவன்' (1980), வெற்றிமாறனின் 'பொல்லாதவ'னுக்குள் (2007) முங்கிவிட்டால், பழைய படம் இருந்த சுவடே தெரியாது. எம்.எஸ்.வி. பாட்டு ஜி.வி.பிரகாஷ் கணக்கில் ஏறும். பாட்டுக்கான காசும் அந்த நம்பர் சொல்கிற திசையில்தான் போகும்.

என் புகார் இதுதான். மேலே உட்கார்ந்திருப்பவர், 'எத்தனை சதவீதம் மேட்ச் ஆச்சு?' என்று மட்டும் கேட்கிறார். அந்த எண்ணை உயர்த்த சுலபமான வழி, சந்தேகமானதையெல்லாம் ஒட்டிவிடுவது. 'எத்தனை தப்பா ஒட்டிச்சு?' என்றும் கேட்க வேண்டாமா?

புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். மாதிரி படத்துக்கும் ஐசான், ஐடர் என்று உலகப் பொது நம்பர்கள் இருக்கின்றன. வருகிற பட்டியலில் அது இருந்தால் கவலையில்லை. இல்லாதபோது தலைப்பை மட்டும் நம்பக் கூடாது. டைரக்டர், வருஷம், இசை இவற்றில் ரெண்டாவது ஒத்துப்போக வேண்டும். மிச்சத்தைத் தனியாக வைத்து, படம் பார்க்கிற ஒரு மனிதரிடம் கொடுங்கள். 2016ல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்பே ஒவ்வொரு படத்தையும் கம்பெனி, டைரக்டர், நடிகர் சகிதம்தான் சேகரித்து வைத்தார்.

அடுத்த தடவை பழைய படத்துக்குப் புதுப் படத்தின் போஸ்டரைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். சம்பந்தப்பட்டவர்களுக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்.