கட்டுப்பாடும் கவிதையும்: கல்முனைப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சொல்லையும் யாப்பையும் வைத்துச் சோதனை செய்வோரை 'உருவவாதிகள்' என ஒதுக்கிவிடும் போக்கு நமது முற்போக்கு விமரிசனத்தில் நெடுங்காலம் நிலவியது. இத்தீர்ப்பு அவசரமானது என்பதே எமது கருத்து. கட்டுப்பாடு எத்தகைய சமூக உறவிலிருந்து பிறக்கிறது என்ற வினாவை அது எழுப்புவதேயில்லை.

தண்டியலங்காரம் கூறும் மாலைமாற்று, கோமூத்திரி, சுழிகுளம் முதலிய சித்திரகவிகளில் எழுத்து நிற்கும் இடமே சொல்லைத் தீர்மானிக்கிறது. புரவலரும் சக புலவரும் மெச்சப் புலவன் தன் திறத்தை நிறுவும் துறை அது. ஆனால் கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் மக்களிடையே வழங்கிவந்த வாய்மொழிக் 'கவி'யும் கட்டுப்பாடுடையதே. நான்கே அடிகள்; ஓசை பிசகலாகாது. மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளிக்கும் இக்கவிகளில், பறவையையோ மரத்தையோ சொல்வதுபோல ஆளையே சுட்டும் இரட்டுறல் பயின்றுவரும். இரவில் வயற்காவற் பரணில் இருந்தவன் பாடியதும் இதனையே. ஆணும் பெண்ணும் வெளிப்படையாகப் பேசவியலாத ஒரு சமூகத்தில் இரட்டுறல் அணியன்று. பேசுவதற்கு எஞ்சியிருந்த வழி. (இதனை மிகைப்படப் போற்றுவதும் தவறு. மச்சியைப் பாடிய வயற்காரன் போடியாரின் கணக்கைப் பாடியது அரிது.)

எழுத்துக் கவிதைக்கு வருவோம். 1959இல் சென்னையில் தோன்றிய 'எழுத்து' யாப்பைத் துறந்த புதுக்கவிதைக்குக் களம் அமைத்தது. ஈழத்தில் மஹாகவியோ 1966இல் வெளிவந்த 'குறும்பா'வில், ஆங்கில லிமெரிக்கின் ஐந்தடி அமைப்பைத் தமிழாக்கி, அந்த இறுக்கத்தையே சமூக அங்கதத்துக்குக் கருவியாக்கினார். கல்முனைப் பகுதியிலே நீலாவணனும் (1931–1975) எம்.ஏ. நுஃமானும் யாப்பைக் கைவிடாமல் அதற்குள் பேச்சோசையைப் புகுத்தினர். நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' (1977) தொகுதியைப் படிக்குமிடத்து, சீரும் தளையும் செவியில் ஒலித்துக்கொண்டிருக்க, வாக்கியம் அடியெல்லையைத் தாண்டி உரையாடலாக ஓடுவதைக் காணலாம். பண்டிதரின் சொத்தாயிருந்த கட்டுப்பாடு இங்கு கைமாறுகிறது. புதுக்கவிதையின் வருகையைவிட இது சிறிய மாற்றமெனக் கொள்வதற்கில்லை.

பின்வந்த சோலைக்கிளியிடம் யாப்பு இல்லை. 'எட்டாவது நரகம்' (1988) முதலிய தொகுதிகளின் விசித்திரப் படிமங்களைப் புரியாமை எனக் குறைகூறுவது எளிது. ஆயினும் அவை எழுதப்பட்டவை போர் ஆண்டுகள். வெளிப்படப் பேசியவன் வீட்டுக் கதவு தட்டப்பட்ட காலம். மச்சானைக் கிளியென்று பாடிய பெண்ணுக்கிருந்த காரணம், வேறு வகையில், இக்கவிஞருக்கும் இருந்தது.