குணாளனை எந்தக் கணக்கில் எழுதுவது?

2010 டிசம்பரில் ஏஎஃப்எஃப் சுசுகி கிண்ணத்தை வென்ற மலேசிய அணியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகத் திடலை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார்கள். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என வென்று, ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்று, மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணத்தைக் கொண்டுவந்த அணி அது. சஃபி சாலி அடித்த கோல்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பயிற்றுநர் கே. ராஜகோபால். வலது ஓரத்தில் ஓடியவர் எஸ். குணாளன். 1986இல் பிறந்த நெகிரி செம்பிலான்காரர். ஓர ஆட்டக்காரராகத் தொடங்கி, ஜொகூர் டாருல் தாக்சிமில் ரைட் பேக்காக மாறியவர். நாற்பதைத் தொடும் வயது.

ஒரு ஆட்டக்காரர் ஆட்டத்தை முடித்துக்கொள்ளும்போது ரசிகர்கள் செய்யும் முதல் வேலை, அவருக்கு வரலாற்றில் ஓர் இடம் ஒதுக்குவது. லெஜண்டா, நல்ல பிளேயரா, இல்லை ‘ஓகேலா’ ரகமா? கோல் அடித்தவருக்கு இந்தக் கேள்வி சுலபம். எண்ணிப் பார்த்தால் போதும். ரைட் பேக்கை எதை வைத்து எண்ணுவது?

இந்தக் கேள்வியை மலாக்காவிலிருந்து கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. குணாளனின் இரண்டு முக்கிய அணிகளும் நமக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. புலாவ் செபாங் மலாக்காவில், ஒட்டியிருக்கும் தம்பின் நெகிரியில். அங்கே அண்ணன் தம்பிக்குள்ளேயே பாதிப் பேர் நெகிரி ரசிகர்கள். இந்தப் பக்கம் ஜாசின், மெர்லிமாவ் வழியாகக் கீழே போனால் மூவார் வந்துவிடும். அங்கிருந்து லார்க்கின் திடலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் நம் ஊர்களில் நிறைய பேர். சொந்த அணி? மலாக்கா 1983இல் லீக் வென்றது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2016இல் மலாக்கா யுனைடெட் பிரிமியர் லீக் வென்று மேலே வந்தது. சம்பளப் பாக்கிப் பிரச்சினையில் 2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் காணாமல்போனது. பிறகு வேறு பெயரில் அணி வந்தாலும் பழைய நினைவு அப்படியே கைமாறிவிடுவதில்லை. ஆகவே நாம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பவர்கள் மாதிரி. கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம்.

மாமாக் கடை மேசைகளில் குணாளனைப் பற்றிக் கேட்கும் வாதங்களைத் தொகுத்தால் மூன்று தேறும்.

முதல் வாதம் நெகிரிக்காரர்களுடையது. 2009 மலேசியக் கிண்ணம், 2010 எஃப்ஏ கிண்ணம், 2011இல் மறுபடியும் மலேசியக் கிண்ணம். மூன்று ஆண்டுகளில் மூன்று கிண்ணம். பெரிய பணம் இல்லாத ஒரு மாநில அணிக்கு இது பொற்காலம். அந்த அணியில் வளர்ந்து அங்கிருந்து தேசிய அணிக்குப் போனவர் குணாளன். ‘எங்க பையன், அப்புறம்தான் மத்தவங்களுக்கு’ என்பது இவர்கள் கட்சி.

இரண்டாவது ஜொகூர் ரசிகர்களுடையது. இவர்கள் கறாரானவர்கள். 2014இலிருந்து சூப்பர் லீக் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி அது. 2015 அக்டோபர் 31இல் துஷான்பேயில் இஸ்திக்லோலை 1-0 என வென்று ஏஎஃப்சி கிண்ணத்தையும் தூக்கியது. மலேசிய அணி ஒன்று அதை வென்றது அதுவே முதல் முறை. இப்படிப்பட்ட அணியின் வரலாற்றில் லூசியானோ ஃபிகுவெரோவா, ஜோர்ஜே பெரெய்ரா டியாஸ், சஃபிக் ரஹிம், சஃபாவி ரசிட் என்று பெயர்கள் வரிசையில் நிற்கும்போது, குணாளனை எங்கே வைப்பது? ‘அவரும் இருந்தார்’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது நம்முடையது. ‘நம்ம ஆளுலா.’ அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

எனக்கு அதிகம் உறுத்துவது இந்த மூன்றாவதுதான். முதல் இரண்டிலும் ஏதோ ஒரு அளவுகோல் இருக்கிறது. தப்பாக இருந்தாலும் அதோடு மோதலாம். மூன்றாவதில் அளவுகோலே இல்லை. நூல் வெளியீட்டு விழாவில் புத்தகத்தைப் படிக்காமலே மாலையும் பொன்னாடையும் போடுகிறோமே, அதே பழக்கம்தான் இது. பெயருக்கு முன்னால் ஒரு தலைப்பெழுத்து இருந்தால் போதும், பெருமைப்பட்டுவிடுவோம். ஆர். ஆறுமுகம், கே. குருசாமி, எஸ். குணாளன். ஆறுமுகத்தைக் கேட்டால் ‘ஸ்பைடர்மேன்’ என்பார்கள். 1988இல் சாலை விபத்தில் போய்விட்டார் என்பார்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே அவர் எப்படி நின்றார், எந்தப் பந்துக்கு வெளியே வந்தார் என்று விவரிக்கக்கூடியவர்கள் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் தங்கி, ஆட்டம் மறைந்துவிடுகிறது. இது மரியாதை மாதிரித் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் என்ன வேலை செய்தார் என்று பார்க்காமல் அவரைப் புகழ்வது, அவர் வேலையை மதிக்காததுதான்.

அப்படியானால் வேலையைப் பார்ப்போம்.

ஜேமி கேரகர் ஒருமுறை தொலைக்காட்சியில், கேரி நெவிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஃபுல் பேக் என்பவர் ஒன்று தோற்றுப்போன விங்கர், இல்லையென்றால் தோற்றுப்போன சென்டர் பேக், நெவிலாக வளர யாருமே ஆசைப்படுவதில்லை என்று கிண்டலடித்தார். நம் ஊர் மென்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெவில் அந்த ஒரே அணிக்கு 602 ஆட்டங்கள் ஆடினார். அடித்த கோல்கள் 7. கோல் கணக்குப்படி அவர் யாருமே இல்லை. ஆனால் பெக்கம் வலது ஓரத்தில் நின்ற இடத்திலிருந்து பந்தைத் தூக்கிப்போட முடிந்ததற்கு ஒரு காரணம், அவரைத் தாண்டி வெளியே ஓடி எதிராளியை இழுத்துக்கொண்டு போன நெவில். பந்து அவருக்கு வராமலே போகலாம். ஓடிய ஓட்டம் அப்போதும் வேலை செய்துவிடும். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். மெஷின் நின்ற நாளுக்குத்தான் ரிப்போர்ட் எழுதுகிறோம். நிற்காமல் ஓடிய நாளுக்கு யாரும் ரிப்போர்ட் கேட்பதில்லை.

இப்போது குணாளனுக்கு வருவோம். விங்கர் ஏன் ரைட் பேக் ஆனார்? கேரகர் பாணியில் ‘தோற்றுப்போனார்’ என்று சொல்லலாம். நம் லீக்கின் அமைப்பைப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இத்தனை இடம்தான் என்று விதி இருக்கிறது. ஒரு கிளப் அந்த இடங்களை எங்கே செலவழிக்கும்? முதலில் கோல் அடிப்பவர், பிறகு கோல் அடிக்க வைப்பவர், அதன்பின் நடுத் தற்காப்பு. ஜொகூர் 2015இல் செய்ததும் அதுதான். முன்னால் டியாஸ், நடுவே லியாண்ட்ரோ வெலாஸ்குவெஸ், பின்னால் மார்கோஸ் அந்தோனியோ. துஷான்பேயில் அந்த ஒரே கோலை அடித்தவர் வெலாஸ்குவெஸ். மிச்சமிருக்கும் இடங்களில்தான் உள்ளூர்க்காரர்கள் போட்டி போடவேண்டும். வேகமான உள்ளூர் விங்கருக்கு இரண்டே வழி. ஒன்று, பெஞ்சில் உட்காரலாம். இரண்டு, இருபது மீட்டர் பின்னால் போய்ப் புதுவேலை கற்றுக்கொள்ளலாம்.

குணாளன் இரண்டாவதைச் செய்தார். இது லேசான வேலை கிடையாது. விங்கர் பந்தை இழந்தால் பின்னால் ஒருவர் இருக்கிறார். ரைட் பேக் பந்தை இழந்தால் பின்னால் கோல்கீப்பர்தான். விங்கர் பந்தைப் பார்த்து ஓடுவார். ரைட் பேக், பந்து இடது பக்கம் இருக்கும்போதும் தன் முதுகுக்குப் பின்னால் யார் நுழைகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இருபது வயதில் பழகவேண்டியதை இருபத்தெட்டை ஒட்டிய வயதில் பழகினார். அதற்குள் கிண்ணங்கள் வென்று, நாடே பெயர் தெரிந்த ஆட்டக்காரராக ஆகியிருந்தார். பெயர் வந்தபிறகு மறுபடியும் மாணவனாக உட்காருவது எத்தனை பேருக்கு முடியும்?

முன்பு விங்கராக ஆடியது அந்த இடத்தில் கைகொடுத்தது. சஃபாவி ரசிட் இடதுகால் ஆட்டக்காரர், வலது ஓரத்தில் ஆடுபவர். பந்தை வாங்கி உள்ளே வெட்டுவார். அப்போது வெளி ஓரம் காலியாகும். அந்தக் காலி இடத்தில் பின்னாலிருந்து ஒருவர் ஓடி வரவில்லை என்றால் எதிரணி இரண்டு பேரை உள்ளே நிறுத்திவிடும். ஓரத்திலேயே வளர்ந்த ஒருவர் அந்த ஓட்டத்துக்கு இயல்பான ஆள்.

குறையும் சொல்லவேண்டும். என் பார்வையில், ஓட்டத்தின் முடிவில் அவர் போடும் கிராஸ் எப்போதும் ஓட்டத்துக்கு ஈடாக இருந்ததில்லை. பாதித் திடலை ஓடிக் கடந்து, கடைசியில் முதல் தற்காப்பாளரின் காலில் பந்தைக் கொடுத்துவிட்ட தருணங்கள் உண்டு. உயரப் பந்து தூரக் கம்பத்துக்கு வரும்போது அவருடைய உடலமைப்பு அவருக்கு உதவவில்லை. நாட்டின் மிகச் சிறந்த ரைட் பேக் என்று நான் அவரைச் சொல்லமாட்டேன்.

பிறகு அந்த இடமும் மாறியது. மலேசிய வேர் கொண்ட, வெளிநாட்டில் ஆடிப் பழகியவர்கள் ஃபுல் பேக் இடங்களுக்கும் வந்தார்கள். 2018இல் இடது பக்கம் லா’வேர் கோர்பின்-ஓங். 2020இல், பகாங்கில் ஆடிக்கொண்டிருந்த மேத்யூ டேவிஸ் வலது பக்கம். இது கிளப்பின் பார்வையில் சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரலாறு எழுதும்போது வரிசையை மறக்கக்கூடாது. டேவிஸ் வந்தது ஏற்கெனவே வென்று பழகிய அணிக்கு. வெல்லப் பழகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் குணாளன். 2017இல் அந்த அணி முதல் மலேசியக் கிண்ணத்தை எடுத்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நெகிரியில் அவர் இடம் உறுதி. அந்த மூன்றாண்டுகளை அவர் பெயர் இல்லாமல் எழுதினால் அது பொய் வரலாறு. சிலாங்கூரில் அவர் வழிப்போக்கர். ஜொகூரில் முதல் ஐந்து பெயர்களில் வரமாட்டார், ஆனால் அணியின் முதல் பத்தாண்டுகளை எழுதுபவர் அவருக்கு ஒரு முழுப் பத்தியாவது தரவேண்டும். காரணம் கிண்ண எண்ணிக்கை அல்ல. கிண்ணத்தைப் பெஞ்சில் இருந்தவரும்தான் தூக்குகிறார். வாங்கி வந்த நட்சத்திரங்கள் நிறைந்த அணியில், வாங்கமுடியாத ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு நிலைத்தார் என்பதுதான் காரணம்.

அலோர் காஜாவில் பிறந்த சோ சின் ஆனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்துத் தற்காப்பு ஆட்டக்காரர், ‘தௌகே’ என்று நாடே அழைத்தவர். இன்றைக்கு எல்லாரும் அவரைச் சிலாங்கூர் சட்டையில்தான் நினைவுகூர்கிறார்கள். யார் விரிவாக எழுதி வைத்தார்களோ, ஆட்டக்காரர் அவர்களுக்குச் சொந்தமாகிவிடுகிறார். மலாக்கா எழுதவில்லை, சிலாங்கூர் எழுதியது.

தமிழில் யார் எழுதுகிறோம்? நம் நாளிதழ்களில் உள்ளூர்க் காற்பந்துக்குக் கிடைப்பது கோல் அடித்தவர் பெயரும் ஒரு சின்னப் படமும். தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. அதோடு எத்தனை தோட்டத்துக் கிண்ணச் செய்திகள் பழைய தாளாகிப் போயின என்று தெரியாது. கெமெண்டோரிலும் காடெக்கிலும் டுரியான் துங்கலிலும் தோட்ட அணிகளில் ஆடிய சித்தப்பாக்கள், மாமாக்கள் இன்னும் இருக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமான இடங்களில் திடல் முதலில் போனது, அணி பின்னால் போனது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘நான் பேக்கு ஆடுனேன்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள். கோல் அடித்தவர்தான் கதை சொல்வார். பேக்கு ஆடியவரிடம் நாம்தான் கேட்டு வாங்கவேண்டும். இடது காலா வலது காலா, யார் ஓடும்போது பயந்தீர்கள், எந்த ஆட்டத்தில் மூச்சு முட்டியது என்று.

குணாளனுக்கான பதிவை நான் எழுதினால் இப்படி இருக்கும்: எஸ். குணாளன், நெகிரி செம்பிலான், பிறகு ஜொகூர். விங்கராகப் பெயர் எடுத்தார். இடம் பறிபோகும் நிலையில் பின்னால் இறங்கிப் புதிதாக ஒரு வேலை படித்தார். கிராஸ் சுமார். ஓட்டம் கடைசி நிமிடம் வரை.