சொல்லும் உழைப்பும்: அலூட்டிக் ‘வாரச் சொல்’ பற்றிய ஒரு நோக்கு

அலாஸ்காவின் தென்கரையிலுள்ள கோடியாக் தீவுக்கூட்டத்தையும் அதனையடுத்த கரையோரங்களையும் தாயகமாகக் கொண்ட மக்களின் மொழி அலூட்டிக். கோடியாக்கில் 1995இல் திறக்கப்பட்ட அலூட்டிக் நூதனசாலை, 1998இல் ‘வாரச் சொல்’ என்னும் முயற்சியைத் தொடங்கியது. ஒரு சொல், அதனைக் கையாளும் வாக்கியம், அதன் பின்னணியிலுள்ள மரபை விளக்கும் குறுங்கட்டுரை என்பன இதன் அமைப்பு. அகராதிக்கும் இனவரைவியலுக்கும் இடைப்பட்ட இவ்வெழுத்து வடிவம் திறனாய்வுக்குரியது.

சொல் சமூக உறவுகளின் படிவு என்பதற்கு இம்மொழி தக்க சான்றாகும். இம்மக்கள் தம்மைக் குறித்த பெயர் ‘சுக்பியாக்’. ‘உண்மையான மனிதர்’ என்பது அதன் பொருள். ருஷ்யர் அலூஷியத் தீவினருக்கு வழங்கிய ‘அலியூட்’ என்னும் பெயரை இவர்கள்மீதும் சுமத்தினர். அது இவர்தம் நாவில் திரிந்த வடிவமே ‘அலூட்டிக்’. 1784இல் ஷெலிகோவின் ஆட்கள் பீரங்கிகொண்டு பெருந்தொகையானோரைக் கொன்ற பாறைத்தீவின் பெயர் ‘அவாஉக்’. மரத்துப்போதலை அது குறிக்கும். அதன்பின் ஆடவர் கடல் நீர்நாய் வேட்டையிற் கட்டாய உழைப்பாளராயினர். பெண்கள் தோல் தைத்துப் போர்த்திய ‘கயாக்’ என்னும் படகு, மென்மயிர்த்தோல் வணிகரின் உற்பத்திக் கருவியாயிற்று. ரொட்டியைக் குறிக்கும் ‘கெலிபக்’, மேசையைக் குறிக்கும் ‘ஸ்டூலுக்’ ஆகிய கடன்சொற்கள் அவ்வாட்சியின் எச்சங்கள். 1867இல் அலாஸ்கா அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. பின்னர் வந்த பள்ளிக்கூடங்கள் தாய்மொழி பேசிய பிள்ளைகளைத் தண்டித்தன.

இத்தகைய ஒடுக்குமுறையின் பின்னர், மூத்தோரின் அறிவைப் பொதுவுடைமையாக்கும் ‘வாரச் சொல்’ முற்போக்கான பணி என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் வடிவம் ஒரு வரையறையையும் விதிக்கிறது. வாரத்துக்கு ஒன்றாகச் சொற்கள் தனித்தனியே வைக்கப்படும்போது, ‘கயாக்’, ‘கெலிபக்’, ‘அவாஉக்’ ஆகியவற்றைப் பிணைக்கும் உற்பத்தி உறவு வாசகனின் பார்வைக்கு எளிதில் எட்டுவதில்லை. வரலாறு மறைக்கப்படுகிறது என்பதல்ல இதன் பொருள். அது உதிரியாகிறது என்பதே.

இது வெறும் வடிவப் பிரச்சினையன்று. கடற்றொழிற் சொற்கள் கடலிலேதான் பயிலப்படுகின்றன. அலாஸ்காவின் 1973ஆம் ஆண்டுச் சட்டம் வர்த்தக மீன்பிடி அனுமதியை விற்கத்தக்க சொத்தாக்கியது. கோடியாக் கிராமங்கள் அவ்வனுமதிகளுட் பலவற்றை இழந்தன. படகின்றிக் கரையில் நிற்கும் இளைஞனுக்கு மீன்பிடிச் சொல் மனப்பாடத்துக்குரிய பாடமாகவே எஞ்சும். எனவே, மொழி மீட்பை உழைப்புரிமையினின்றும் பிரித்து நோக்கும் பண்பாட்டுவாதம் போதாது. சொற்களைத் திரட்டுவோர் அவற்றை வழங்கிய தொழில்களின் இன்றைய உடைமை நிலையையும் அதே கட்டுரையில் எழுதுதல் வேண்டும்.