பந்து இல்லாதபோது ஆடியவர்

இத்தாலிக்கு எதிரான 1970 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசில் அடித்த நான்காவது கோலைப் புகழ்கிறவர்கள், குளோடோவால்டோ நால்வரை ஏய்த்ததையும், பெலே அவசரமில்லாமல் பந்தை உருட்டிவிட்டதையும், கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஓடிவந்து உதைத்ததையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கோலில் பிடித்தது யாருடைய கால்வித்தையும் அல்ல, வலப்பக்கம் ஆளில்லாமல் கிடந்த அந்தத் துண்டு நிலம். இத்தாலியர்கள் ஆளுக்கு ஆள் காவல் நிற்பவர்கள். பிரேசிலின் வலது விங்கர் ஜைர்சினோ இடப்பக்கம் போனால் அவரைக் காக்கும் ஃபக்கெட்டியும் கூடவே போவார். அவர் போனால் வலப்பக்கத்தில் கதவு திறக்கும். இந்தக் கணக்கு பிரேசிலின் பயிற்சியாளர் மரியோ ஜகாலோவுடையது. தான் விலகி இன்னொருவருக்கு இடம் விடுவதும், அவர் விட்டுப்போன இடத்தைத் தான் போய் நிரப்புவதுமே அவருடைய கலை. ஆட்டக்காரராகக் காலால் செய்ததைத்தான் பயிற்சியாளராக அணியைக் கொண்டு செய்தார்.

பிரேசிலின் விங்கர் என்றால் கரிஞ்சா என்று சொல்கிற ரசனையோடு எனக்குப் பெரிய சண்டையில்லை. ஆனால் வலப்பக்கம் கரிஞ்சா திரும்பி வராமல் ஆட முடிந்தது எதனால் என்று அந்த ரசிகர்கள் கேட்டுக்கொள்வதில்லை. 1958இல் தாளில் எழுதிய அமைப்பு 4-2-4. இடது விங்கில் நின்ற ஜகாலோ, பந்து கைமாறிய கணமே நடுக்களத்துக்கு இறங்கிவிடுவார். அவருக்குப் பின்னால் இருந்த நில்டன் சாந்தோஸ், ஆஸ்திரியாவுக்கு எதிராக முன்னேறிப் போய்க் கோலே அடித்தார். பின்கள வீரர் ஒருவர் அப்படிக் கிளம்புவது அன்று துணிச்சல். அந்தத் துணிச்சலுக்குப் பின்பலம் ஜகாலோ. 1962இல் அதே ஓட்டம் 4-3-3 என்று பெயர் பெற்றது. வெறும் உழைப்பாளி என்று அவரை ஒதுக்கவும் முடியாது. 1958 இறுதியாட்டத்தில் பிரேசிலின் நான்காவது கோல் அவருடையது. ஐந்தாவதற்குப் பெலேயின் தலைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவரும் அவரே.

1970 அணி முந்தைய பயிற்சியாளர் சல்தான்யா கட்டியது, ஜகாலோ கோப்பையை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான் என்பது பழைய வாதம். தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களையும் சல்தான்யா வென்றார் என்பது உண்மை. ஆனால் 1970 மார்ச்சில் அணியை ஏற்ற ஜகாலோ அதை அப்படியே மெக்ஸிகோவுக்குக் கூட்டிப்போகவில்லை. நடுக்களத்தில் ஆடிய பியாசாவைப் பின்களத்துக்கு இறக்கினார். குளோடோவால்டோவை நடுவில் நிறுத்தினார். கொரிந்தியன்ஸில் பத்தாம் எண்ணோடு ஆட்டத்தை நடத்திய ரிவெலினோவை இடப்பக்கம் அனுப்பினார். அந்த மூன்றாவது மாற்றத்தில்தான் என் கண் நிற்கிறது. பாதி விங்கர், பாதி நடுக்கள வீரர் என்ற அந்த இடம் எட்டு ஆண்டுகளுக்கு முன் ஜகாலோ ஆடிய இடம். பெலே, டோஸ்டாவ், ஜெர்சன், ரிவெலினோ, ஜைர்சினோ ஐவரும் ஒரே அணியில் இடிபடாமல் ஆடியதற்கும், ஆறு ஆட்டங்களில் 19 கோல்கள் வந்ததற்கும் இந்தப் பகிர்வு ஒரு முக்கியக் காரணம்.

பெலே இருந்தால் யாரும் வெல்வார்கள் என்பவர்களுக்கு 1966ஐ நினைவூட்டினால் போதும். பெலே இருந்த பிரேசில் அந்த ஆண்டு முதல் சுற்றிலேயே வெளியேறியது. பெலே இல்லாத இடத்தில் ஜகாலோ என்ன செய்தார் என்றால், ஐக்கிய அரபு அமீரகத்தை 1990 உலகக் கோப்பைக்குத் தகுதிபெற வைத்தார். போட்டி தொடங்கும் முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை. பிரேசில் பயிற்சியாளராக 1974 அவருடைய பலவீனமான அத்தியாயம்தான். யூகோஸ்லாவியாவுடனும் ஸ்காட்லாந்துடனும் கோலே இல்லாத ஆட்டங்கள், பிறகு நெதர்லாந்திடம் 0-2. அந்த அணி இறங்கிக் காத்தது, ஏறத் தெரியவில்லை. அதைக் காட்டி அவரைத் தற்காப்புவாதி என்கிறவர்கள், டெலே சந்தானா பயிற்றுவித்த 1982 பிரேசில் அணியைத்தான் பெரும்பாலும் போற்றுகிறார்கள். அழகான அணிதான். ஆனால் சமநிலை போதுமாயிருந்த ஆட்டத்தில் அது இத்தாலியிடம் 3-2 என்று தோற்றது. அழகுக்கும் காவலுக்கும் பகை இல்லை என்று 1970 ஏற்கெனவே காட்டியிருந்தது. அந்தப் பாடத்தைப் பிரேசிலே மறந்திருந்தது.

இன்றைய விங்கர்களும் திரும்பி ஓடுகிறார்கள். கட்டளைப்படி ஓடுகிறார்கள், ஓடிய தூரத்தைக் கருவி அளக்கிறது. எப்போது ஓடக் கூடாது என்ற தீர்மானத்தை எந்தக் கருவியும் அளப்பதில்லை. அந்தத் தீர்மானம்தான் குறைந்துவருகிறது. 2024 ஜனவரியில் 92 வயதில் ஜகாலோ மறைந்தபோது, வீரராக இரண்டு, பயிற்சியாளராக ஒன்று, 1994இல் பயிற்சியாளர் பரெய்ராவின் துணையாக ஒன்று என நான்கு கோப்பைகளைத்தான் எல்லோரும் எண்ணினார்கள். எண்ணிக்கை சரி, ரசனை போதாது. 1958 இறுதியாட்டத்தின் பதிவைப் பார்க்க வாய்த்தால், ஒரு பாதி நேரமாவது பெலேயை விட்டுவிட்டு 7ஆம் எண் சட்டையைப் பின்தொடருங்கள்.