ஷோன்பெர்க்கின் சிந்தனையில் மையச்சுரம்

ஆர்னால்டு ஷோன்பெர்க் (1874–1951) மேலையிசையின் மையச்சுர மரபைத் தகர்த்தவர் என்பது பரவலான கருத்து. அவருடைய எழுத்துகளை நேரே பயில்வோர்க்கு இக்கூற்று முழுமையாகப் பொருந்தாமை விளங்கும்.

மையச்சுர ஒழுங்கு என ஈண்டுக் குறிப்பது, ஒரு சுரத்தை நிலைக்களனாகக் கொண்டு, அதனின்று விலகி, பிற சுரக்கூட்டுகளின் வழிச் சென்று, இறுதியில் அதற்கே மீளும் அமைப்பை. நம் இசையின் சுருதி என்னும் சொல்லை இதற்கு ஈடாக ஆள்வது தகாது. சுருதி இடையறாது ஒலிப்பது. இதுவோ விலகலாலும் மீட்சியாலும் உணரப்படுவது.

1911இல் வெளிவந்த தம் ஒத்திசைக் கோட்பாட்டு நூலில், ஷோன்பெர்க் இவ்வொழுங்கை இயற்கையின் மாறா விதியாக ஏற்கவில்லை. கலை கண்ட வழிகளுள் ஒன்றாகவே கருதினார். இன்னிசைவும் முரணிசைவும் வகையால் வேறானவை அல்ல, அளவால் மட்டுமே வேறானவை என்பது அவர் வாதம். ஒரு சுரம் ஒலிக்கும்போதே அதனுள் மேற்சுரங்கள் பலவும் உடன் ஒலிக்கின்றன. அவற்றுள் அண்மையில் உள்ளவை செவிக்கு எளிதிற் பிடிபடுகின்றன; தொலைவில் உள்ளவை பழகப் பழகப் பிடிபடும்.

இவ்வாதத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மேற்சுரத் தொடர் முரணிசைவுக்கு இடமளிக்கின்றது என்பது உண்மையே. ஆயின், அத்தொடர் முழுவதும் ஓர் அடிச்சுரத்தினின்றே கிளைக்கின்றது. முரணிசைவின் விடுதலைக்கு அவர் காட்டிய சான்று, மையத்தைக் கைவிடுவதற்குச் சான்றாகாது. கோட்பாடு தொடாத இச்சிக்கலை அவருடைய இசை எதிர்கொள்கின்றது. 1908இல் நிறைவுற்ற இரண்டாம் நரம்பிசை நால்வர் படைப்பின் இறுதிப் பகுதி, மையம் காட்டும் குறியீடு ஏதுமின்றித் தொடங்குகின்றது. ஸ்டெஃபான் கியோர்கேயின் கவிதையைப் பெண்குரல் பாட, சுரங்கள் பிடிப்பற்று மிதக்கின்றன. எனினும், முடிவில் ஒலிப்பது எஃப் ஷார்ப் மேஜர் சுரக்கூட்டே. மீட்சியைத் துறக்க முனைந்த இசையிலும் மீட்சி நிகழ்ந்துவிடுகின்றது!

1920களில் அவர் வகுத்த பன்னிரு சுர முறை, பன்னிரு சுரங்களையும் ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றைத் தம்முள் மட்டுமே உறவுடையனவாக்கிற்று. இயற்றுவோனுக்கு அது உறுதியான ஒழுங்கு. கேட்போன் செவிக்கு மீட்சி தந்த பற்றுக்கோட்டை அவ்வரிசை அதே அளவிற்குத் தருகின்றது எனக் கூறுதல் அரிது. தம் இசையைச் சுரமையமற்றது எனப் பிறர் அழைத்ததை அவர் வெறுத்தமையும் இங்கு எண்ணத்தக்கது.

அமெரிக்காவில் குடியேறிய பின்னர், 1934இல் மாணவர் இசைக்குழுக்களை மனத்திற்கொண்டு ஜி மையத்தில் ஒரு நரம்பிசைத் தொகுதியையும், 1943இல் ஜி மைனரில் காற்றிசைக் குழுவுக்கான படைப்பொன்றையும் அவர் இயற்றினார். இவற்றைப் பின்வாங்கல் எனத் திறனாய்வாளர் சிலர் கொள்வது அவருடைய 1911ஆம் ஆண்டு நூலை மறந்த கூற்றாகும். மையச்சுரம் வழிகளுள் ஒன்றெனின், அவ்வழியில் மீண்டும் நடப்பதில் முரண் யாதுமில்லை. பழைய நடைக்கு மீளும் வேட்கை தம்முள் என்றும் வலுவாக இருந்ததென அவரே 1948இல் எழுதியுள்ளார்.